ஃப்ரிட்ஜை மாற்றும் முன்... வாரண்டியை நீட்டும் முன்...

ஃப்ரிட்ஜ் நின்றுபோனதை நம் வீடுகளில் முதலில் அறிவிப்பது இட்லி மாவுதான். இரவில் அடங்கிக் கிடந்த மாவு, விடிந்ததும் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து நிற்கும். அடுத்து பால் திரியும். மதியத்துக்குள் மெக்கானிக் வந்து பின்பக்கம் கை வைத்துப் பார்ப்பார். "கேஸ் போயிருக்குங்க. கம்ப்ரசரும் வீக். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசாவே வாங்கிடலாம்" என்பார். "பன்னெண்டு வருஷம் உழைச்சாச்சே, போதாதா?" என்று வீட்டில் ஒருவர் ஆமோதிப்பார். மாலையில் ஷோரூம். ஆடித் தள்ளுபடியோ தீபாவளிச் சலுகையோ ஏதோ ஒன்று அங்கே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மாடலைப் பிடித்து, நிறத்துக்குச் சண்டை போட்டு முடித்து, பில் போடும் இடத்துக்கு வந்து நிற்கும்போது கடைசிக் கேள்வி வரும்: "சார், எக்ஸ்டெண்டட் வாரண்டியும் போட்டுடலாமா? ரெண்டாயிரத்து ஐந்நூறுதான். மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

களைத்துப்போன குடும்பம் தலையாட்டிவிடும். மாவு வழிந்த காலையிலிருந்து பில் வந்த இரவுக்குள் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. பழையதை விட்டாயிற்று, புதியதைத் தேர்ந்தாயிற்று, அதற்கு வாரண்டியையும் நீட்டியாயிற்று. மூன்றும் வெவ்வேறு கணக்குகள். மூன்றையும் ஒரே அவசரத்தில் போட்டால் கைக்காசு கரைவது நமக்குத்தான். அதிலும் மூன்றாவது முடிவை அன்று இரவே எடுத்தாக வேண்டிய தேவை அநேகமாக எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

வயதைப் பார்ப்பதா, பழுதைப் பார்ப்பதா?

ஃப்ரிட்ஜை மாற்றலாமா என்பதை அதன் வயதைவிட, எந்தப் பாகம் கெட்டது என்பதே தீர்மானிக்க வேண்டும். கம்ப்ரசர் ஓடவில்லை என்றாலே அது போய்விட்டது என்று பொருளில்லை. அதைக் கிளப்பிவிடும் ரிலே, சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடு புரொடெக்டர், குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் ஃப்ரிட்ஜ் அதேபோலத்தான் நிற்கும். கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் இவை மிகச் சின்னச் செலவு. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் இன்னொரு தொல்லை உண்டு. மேலே ஃப்ரீசரில் ஐஸ் இறுகிக்கொண்டே போகும், கீழே காய்கறி வதங்கும். பனியை உருக்கும் ஹீட்டரோ அதன் டைமரோ சென்சாரோ வேலை செய்யாததுதான் பெரும்பாலும் காரணம். உருகாத பனி, குளிர்ந்த காற்று கீழே இறங்கும் வழியை அடைத்துவிடுகிறது. இதற்காக ஒரு ஃப்ரிட்ஜையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

கதவு ரப்பரை நாமே சோதித்துவிடலாம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் தாள் வழுக்கி வந்தால் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. குளிர் கசியக் கசிய, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"கேஸ் போயிருக்கு" என்ற தீர்ப்பைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குளிரூட்டும் வாயு, மூடிய குழாய்களுக்குள் சுற்றிவருவது. ஓடினால் தேய்வதோ, ஆண்டுக்கு ஆண்டு தீர்ந்துபோவதோ கிடையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல், ஃபில்டரை மாற்றாமல், குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போனால் சில மாதங்களில் அதே மாவு அதே மாதிரி பொங்கும். "ஓட்டை எங்கே இருக்கு அண்ணா?" என்ற ஒரு கேள்விக்கு மெக்கானிக் தெளிவாகப் பதில் சொன்னால் அவரை நம்பி வேலையைக் கொடுக்கலாம்.

ஓட்டை இருக்கும் இடமே ஃப்ரிட்ஜின் எஞ்சிய ஆயுளைச் சொல்லிவிடும். இணைப்பில் இருந்தால் பற்றவைத்துவிடலாம். இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றுக்கு வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாய் பக்கச் சுவருக்குள், ஃபோமுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே அரித்து ஓட்டை விழுந்தால் சுவரைப் பிளந்து சரிசெய்ய முடியாது. பின்பக்கம் வெளியே புதிதாக ஒரு குழாய் அமைத்துச் சமாளிப்பார்கள். உடலும் துருப்பிடித்து வயதும் ஆகிவிட்ட ஃப்ரிட்ஜுக்கு அந்தச் செலவைச் செய்வதைவிட மாற்றுவதே சரி. ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜில், இறுகிய ஐஸைக் கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ குத்தி எடுக்கும் பழக்கத்தால் ஃப்ரீசரின் அலுமினியத் தகடே பொத்துக்கொள்வதும் உண்டு. ஐஸ் உருகும் வரை காத்திருக்கப் பொறுமை இருந்தால் இந்தச் செலவு வராது.

கம்ப்ரசரேதான் போய்விட்டது என்றால், பணத்தை எடுக்கும் முன் வீட்டுப் பீரோவில் வாரண்டி அட்டையைத் தேடுங்கள். பொதுவாக ஃப்ரிட்ஜ் முழுவதற்கும் ஓராண்டும், கம்ப்ரசருக்கு மட்டும் 10 ஆண்டும் நிறுவனமே வாரண்டி தருகிறது. ஏழாம் ஆண்டில் கம்ப்ரசர் கெட்டால் அந்தப் பாகம் இலவசம். கேஸ், கூலி, போக்குவரத்து ஆகியவற்றை மட்டும் நம் தலையில் கட்டுவார்கள். தெரு மெக்கானிக்குக்கு இதை நினைவுபடுத்தும் கடமை இல்லை. பல குடும்பங்கள் இந்த உரிமையை மறந்தே புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிடுகின்றன.

கேஸின் வகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1990-களில் வாங்கிய ஃப்ரிட்ஜ் இன்னும் பாட்டி வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அதில் ஆர்-12 இருந்திருக்கும். ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயுவை, 1987-ல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா 2010-க்குள் கைவிட்டது. அந்த வயது ஃப்ரிட்ஜுக்கு விடைகொடுத்துவிடலாம். அதன்பின் ஆர்-134ஏ வந்தது. இன்றைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் உறவுக்கார வாயு, தீப்பிடிக்கக்கூடியது. ஃப்ரிட்ஜுக்குள் சில பத்து கிராம் மட்டுமே இருப்பதால் பயன்படுத்துவோருக்குப் பயமில்லை. ஆனால் பழுதுபார்க்கும்போது, உள்ளே இருப்பதை முழுதாக வெளியேற்றாமல், காற்றோட்டம் இல்லாத சமையலறையில் பற்றவைப்புத் தீயைக் காட்டுவது ஆபத்து. இந்த வகைக்குப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும்.

மின் கட்டணம் சொல்லும் கணக்கு

"புதுசு வாங்கினா கரண்ட் பில் பாதியாயிடும்" என்று விற்பனையாளர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தேய்ந்துபோன பழைய ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் இழுக்கிறது, புதியது அரை யூனிட்டில் முடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் மிச்சம்.

தமிழ்நாட்டில் இந்த 60 யூனிட்டின் மதிப்பு எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 200 யூனிட்டுக்குள் அடங்கும் சின்னக் குடும்பத்துக்கு, இலவசத்துக்கு மேல் வரும் யூனிட்டின் விலை மிகக் குறைவு. அங்கே புது ஃப்ரிட்ஜ் மிச்சப்படுத்துவது ஒரு பில்லுக்கு 150 ரூபாய்கூட வராது. அதை வைத்து ஃப்ரிட்ஜின் விலையைத் திரும்ப எடுக்க ஆண்டுகள் பல ஆகும். அதே 60 யூனிட், 500-ஐ ஒட்டிச் சற்றே தாண்டும் வீட்டில் வேறு வேலை செய்கிறது. 500-ஐத் தாண்டியதும் யூனிட் விலை 8 ரூபாய்க்கு மேல் போகிறது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை விலையும் பறிபோகிறது. 560-லிருந்து 500-க்கு இறங்கும் வீட்டுக்கு ஒரு பில்லிலேயே 700 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ஏசி ஓடும் கோடை மாதங்களில் பல நடுத்தர வீடுகள் இந்த எல்லையில்தான் தடுமாறுகின்றன. எனவே, கடைசியாக வந்த நான்கைந்து மின் கட்டணக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போவது நல்லது.

ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நட்சத்திரம் கொடுக்கும் அளவுகோலை எரிசக்தித் திறன் அமைப்பு அவ்வப்போது கடுமையாக்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் 5 ஸ்டார் வாங்கிய மாடல், இன்றைய அளவில் அதைவிடக் கீழே இருக்கலாம். அந்த லேபிளிலேயே "ஆண்டுக்கு இத்தனை யூனிட்" என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணும், லேபிள் எந்த ஆண்டுக்குரியது என்பதும்தான் ஒப்பிட வேண்டியவை.

பில் கவுண்டரில் நடப்பது

இனி அந்த ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வருவோம். 25,000 ரூபாய் ஃப்ரிட்ஜுக்கு, நிறுவனத்தின் ஓராண்டு முடிந்தபின் இன்னும் இரண்டு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டு. அந்த இரண்டு ஆண்டில் வரக்கூடிய ஒரு பெரிய பழுதுக்கு 4,000 ரூபாய் ஆகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வாங்கியவர்களுக்குச் செலவும் வரவும் சரிக்குச் சரி ஆக வேண்டுமென்றால், 100 பேரில் 63 பேருக்காவது அப்படியொரு பழுது வர வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கெட்டுப்போகும் ஃப்ரிட்ஜ் என்றால் அதை வாங்கவே கூடாது. அப்படிக் கெடாது என்று விற்பவருக்குத் தெரியும். அதனால்தான் அந்த விலைக்குள் கடையின் கமிஷனும், திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் செலவும் லாபமும், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடங்குகின்றன.

எந்திரங்கள் எப்போது கெடுகின்றன என்பதற்குப் பொறியாளர்கள் போடும் ஒரு வரைபடம் உண்டு. தொட்டி வளைவு என்பார்கள். தயாரிப்பில் குறை இருந்தால் பெரும்பாலும் தொடக்க மாதங்களிலேயே தெரிந்துவிடும். அதை நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டி பார்த்துக்கொள்கிறது. பாகங்கள் தேய்ந்து வரும் பழுதுகள் பல ஆண்டுகள் கழித்து வருபவை. இடையில் வளைவு தாழ்ந்து, பழுதுகள் மிகக் குறைவாக இருக்கும் ஒரு காலம் இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட வாரண்டி பெரும்பாலும் அந்தக் காலத்துக்குத்தான் விற்கப்படுகிறது. 

இ.எம்.ஐ. இதில் இன்னொரு திரை. "மாசம் நூறு ரூபாதான் கூடும்" என்று சொல்லும்போது 2,500 என்ற தொகை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜின் விலையில் 500 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசும் நாம், அதைப்போல ஐந்து மடங்கை அரை நிமிடத்தில் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கவுண்டரில் நிற்கும் இளைஞரைக் குறை சொல்லிப் பயனில்லை. எத்தனை வாரண்டி விற்றார் என்பதற்கும் அவருக்கு மாத இலக்கு வைத்திருக்கிறார்கள்.

நான் அங்கே கேட்கச் சொல்வது ஒன்றைத்தான்: "இதோட விதிமுறைகள் அச்சிட்ட தாளைக் கொடுங்க, வீட்டுல படிச்சிட்டு வர்றேன்." பல நிறுவனங்கள், முதல் ஓராண்டு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாரண்டியை நீட்டிக்கொள்ள வசதி வைத்திருக்கின்றன. அந்த வசதி இருக்கிறதா என்று நிறுவனத்தின் சேவை எண்ணில் கேட்டுவிட்டால் பதற்றமே வேண்டாம். பதினோரு மாதம் ஓட்டிப் பார்த்து, சர்வீஸ் ஆட்கள் எப்படி வருகிறார்கள் என்றும் பார்த்து, பிறகு முடிவெடுக்கலாம்.

சிறிய எழுத்தில் இருப்பவை

தாள் கையில் கிடைத்தால் முதலில் "எவையெல்லாம் சேராது" என்ற பகுதியைப் படியுங்கள். நம் ஊர்களில் ஃப்ரிட்ஜ் எதனால் கெடுகிறதோ, அவற்றில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கும்.

மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் சேதம் பொதுவாக அதில் சேராது. கோடையில் மாலை வேளைகளில் வோல்டேஜ் படுத்துக்கொள்ளும் கிராமங்களிலும், நகரத்தின் விளிம்புப் பகுதிகளிலும் இதுதான் பெரிய எமன். பூச்சி, எலி, பல்லியால் வரும் சேதமும் சேராது. இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் இளஞ்சூடாக இருப்பதால் பல்லிக்கு அது பிடித்த இடம். எலக்ட்ரானிக் போர்டுக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆனால் போர்டையே மாற்ற வேண்டும். துருவும் பெரும்பாலும் சேராது. கடலோர வீடுகளுக்கு, எண்ணூர் முதல் கன்னியாகுமரி வரை, உப்புக்காற்றுதான் முதல் எதிரி என்பதை நினைத்துப் பாருங்கள். கேஸ்கெட், பல்பு, கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக் டிரே எதுவும் சேராது. வெள்ளம் சேரவே சேராது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் தண்ணீரில் மிதந்த ஃப்ரிட்ஜ்களுக்கு இந்த வகை வாரண்டி உதவுவதில்லை. அதற்கு வீட்டு உடைமைகளுக்கான காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் படித்தபின், அதே பணத்துக்கு ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்குவதே மேல் என்று பல வீடுகளுக்கு நான் சொல்வேன். வாரண்டி விலக்கி வைத்திருக்கும் பழுதை அது வராமலேயே தடுக்கும். புதிய மாடல்களில் "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று எழுதியிருந்தாலும், எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்பதைப் பார்த்து, உங்கள் ஊர் மின்சாரம் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

நீட்டிப்பு எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். "மூன்று ஆண்டு" என்பது வாங்கிய நாளிலிருந்து எண்ணப்பட்டால், முதல் ஆண்டு நிறுவனம் சும்மா கொடுத்தது. கம்ப்ரசருக்கும் சேர்த்துத்தான் இந்த விலை என்று சொன்னால், அதற்கு ஏற்கெனவே 10 ஆண்டு வாரண்டி இருக்கிறது என்று சொல்லுங்கள். பழுது பார்க்கவே முடியாமல் போனால் என்ன தருவார்கள் என்ற பத்தியை இரண்டு முறை படியுங்கள். புது ஃப்ரிட்ஜ் தருவார்கள் என்று நாம் நினைத்திருப்போம். தேய்மானம் கழித்த தொகைக்கு, அதே கடையில் மட்டும் செல்லும் ஒரு வவுச்சர் என்று அதில் எழுதியிருக்கலாம். வாரண்டி தருவது தயாரித்த நிறுவனமா, கடையா, இரண்டும் இல்லாத மூன்றாவது ஒரு நிறுவனமா என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாவது நிறுவனம் என்றால், உங்கள் ஊரில் அவர்களுக்காக வேலை பார்க்கும் மெக்கானிக் யார், உண்மையான உதிரிபாகம் போடுவாரா என்பதற்குப் பதில் கிடைக்க வேண்டும்.

யாருக்குத் தேவைப்படும்?

190 லிட்டர் ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜுக்கு வாரண்டி நீட்டுவது வீண் செலவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதில் கெடக்கூடிய பாகங்கள் குறைவு, எந்த ஊரிலும் சரிசெய்ய ஆள் உண்டு. அந்தப் பணத்தை அஞ்சலகக் கணக்கில் போட்டு வைத்தால் பழுது வரும்போது எடுக்கலாம், வராவிட்டால் அது நம் பணமாகவே இருக்கும்.

பெரிய இரட்டைக் கதவு, பக்கவாட்டுக் கதவு மாடல்களின் கதை வேறு. இன்வெர்ட்டர் போர்டு, டிஸ்ப்ளே, தண்ணீர் வழங்கும் அமைப்பு என்று விலையுயர்ந்த எலக்ட்ரானிக் பாகங்கள் அவற்றில் நிறைய. தயாரித்த நிறுவனத்தின் ஆட்களைத் தவிர வெளியே யாரிடமும் பாகம் எளிதில் கிடைக்காது. போர்டும் டிஸ்ப்ளேயும் உள்ளடங்கும் என்று எழுத்தில் இருந்தால், தயாரித்த நிறுவனமே நேரடியாகத் தரும் நீட்டிப்பை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதிய பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகளுக்கும் இதைச் சொல்வேன். மெக்கானிக்கைத் தேடி அலைவதும், அவரோடு கூலி பேசுவதும் எழுபத்தைந்து வயதில் பெரிய சுமை. ஒரு போன் எண்ணை அழைத்தால் ஆள் வருவார் என்பதற்கு அங்கே மதிப்பு உண்டு.

ஆனால் அந்த வீடுகளில்தான் இன்சுலினும் இருக்கும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். பழுது என்று சொன்னால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், பாகம் வர இரண்டு வாரம் ஆனால் அதுவரை மாற்று ஃப்ரிட்ஜ் கிடைக்குமா என்பதை வாரண்டித் தாள்கள் பெரும்பாலும் உறுதியாகச் சொல்வதில்லை. பழுதுச் செலவை ஏற்பதாகத்தான் அவை சொல்கின்றன, நேரத்துக்கு எந்த உறுதியும் தருவதில்லை. அம்மா அப்பாவுக்காக வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

சட்டம் எங்கே நிற்கிறது?

பிரிட்டனில் இதே வியாபாரத்தைப் போட்டி ஆணையம் ஆராய்ந்து 2003-ல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 2005-ல் வந்த ஆணையின்படி, மின்சாதனங்களுக்கான நீட்டிப்பு வாரண்டியின் விலையைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே கடைக்காரர் காட்ட வேண்டும். எழுத்தில் கொடுத்த விலை 30 நாளுக்குச் செல்லும். வாங்கியவர் 45 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். நம் நாட்டில் வாடிக்கையாளருக்கு இப்படி யோசிக்க நேரம் தரும் தனி விதி வர வேண்டும். பில் போட்டு முடித்த பிறகு மின்னஞ்சலில் வந்து சேரும் விதிமுறைகளுக்கு, முன்பே சம்மதித்துவிட்டதாகக் கருதப்படுவது நியாயமே இல்லை. நுகர்வோர் அமைப்புகள் இதை உரக்கக் கேட்க வேண்டும்.

பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்து அனுப்பும்போதும் ஒரு விஷயம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய ஃப்ரிட்ஜைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதில் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு. எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கடையிடம், இது எங்கே போகும் என்று கேளுங்கள். குழாயை வெட்டி வாயுவைக் காற்றில் விட்டுவிட்டு, தாமிரத்தை மட்டும் உருவிக்கொள்ளும் இடத்துக்குப் போகக் கூடாது.

வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைகள் தரும் பில்கள் பல, வெப்பத்தில் எழுத்து தோன்றும் வழவழப்புத் தாளில் வருபவை. வாரண்டி உயிரோடு இருக்கும்போதே அதிலுள்ள எழுத்து மங்கி மறைந்துவிடும். அன்றே நகல் எடுங்கள். ஃப்ரிட்ஜின் சீரியல் எண், வாரண்டிச் சான்று, விதிமுறைகள் ஆகியவற்றைப் படம் பிடித்து வீட்டில் இருவர் போனில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் இருந்தும் இழுத்தடித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பழைய சட்டத்தில் கடையோ நிறுவனமோ இருக்கும் ஊரையோ, பிரச்சினை எழுந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். சென்னையில் வாங்கிய ஃப்ரிட்ஜுக்குத் தென்காசியில் வழக்குப் போட முடியும், இணையவழியிலும் போட முடியும்.